பிடுங்கிய பல்லும் போகாத வலியும்

என் அத்தை முகம் கழுவுவதை நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஈரத்துணியின் நுனியை விரலில் சுற்றி இடது பக்கத்தை மட்டும் மெதுவாகத் துடைத்துக்கொள்வார். வலது கன்னத்தைத் தொடவே மாட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் வேண்டாம் என்பார், காற்று பட்டால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும் என்று. ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து இடது கடைவாயில் ஒதுக்கி விழுங்குவார். பேசிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று நின்று, முந்தானையை வாயருகே பிடித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். ஒரு நிமிடம்கூட ஆகாது, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பிப்பார்.

அதற்குள் வலது மேல்வரிசையில் ஒரு பல்லுக்கு ரூட் கெனால் செய்து, பிறகு அந்தப் பல்லையே பிடுங்கியும் ஆகிவிட்டது. பிடுங்கிய பிறகு ஆறு வாரம் வலியே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஏழாவது வாரம் பல் தேய்க்கும்போது மறுபடி அதே மின்னல். உடனே பக்கத்துப் பல்மேல் சந்தேகம் விழுந்தது. அதையும் எடுத்தார்கள். வலி அப்படியே இருந்தது.

கடைசியில் அவருக்கு இருந்தது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்ற முக நரம்பு வலி என்று ஒரு நரம்பியல் மருத்துவர் சொன்னார். ஸ்கேன் எழுதுவதற்கு முன்பே சொன்னார். அத்தையைப் பேசவிட்டு, நடுநடுவே நான்கைந்து கேள்வி மட்டும் கேட்டார். ஒரு தடவை வந்தால் எத்தனை நேரம் இருக்கிறது? என்ன செய்தால் வருகிறது? தூக்கத்தில் எழுப்பிவிடுகிறதா? இரண்டு அடிக்கு நடுவே வலி சுத்தமாக இல்லையா? அப்புறம், எந்த இடம் என்று விரலால் காட்டச் சொன்னார். அத்தையின் விரல் கன்னத்துக்கு அரை அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டது. பல்வலிக்காரர்கள் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள், இவர் தொடப் பயப்படுகிறார், கவனித்தீர்களா என்று எங்களிடம் கேட்டார். நாங்கள் நான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், கவனிக்கவில்லை.

நாள்பட்ட தலைவலி, முகவலி எல்லாவற்றிலும் இதுதான் அடிப்படைச் சிக்கல் என்று நினைக்கிறேன். வலிக்குச் சரியான பெயர் கிடைப்பதற்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. பல் டாக்டரிடம் போனால் பல், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனால் சைனஸ், கண் டாக்டரிடம் போனால் கண்ணாடி. போகிற வாசலைப் பொறுத்து வைத்தியம் அமைந்துவிடுகிறது.

குழப்பத்துக்கு உடலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. முகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் வலி, தொடுகை எல்லாவற்றையும் கொண்டுபோவது பெரும்பாலும் ஒரே நரம்பு. ட்ரைஜெமினல் என்று பெயர், மூன்று கிளை அதற்கு. மேல்கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும். நடுக்கிளை கன்னத்துக்கும் மூக்குக்கும் மேல்வரிசைப் பற்களுக்கும். கீழ்க்கிளை தாடைக்கும் கீழ்வரிசைப் பற்களுக்கும். மூளையைப் போர்த்தியிருக்கும் உறையின் பெரும்பகுதியும் இதே நரம்பின் பொறுப்புதான். மூளைக்கு வலி தெரியாது, அதன் உறைக்குத் தெரியும். போதாததற்குக் கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் உள்ளே போய் இந்த நரம்போடு ஒரே இடத்தில் கூடுகின்றன. பல வயல்களின் வடிகால் ஒரே ஓடையில் கலக்கிற மாதிரி. ஓடையில் நிற்பவருக்கு இது எந்த வயலின் தண்ணீர் என்று தெரியாது. அதனால்தான் கழுத்துத் தசை பிடித்தால் கண்ணுக்கு மேலே வலிக்கிறது, கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையானால் காது வலிக்கிறது, தலைக்குள் கிளம்பும் மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி கன்னத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முக நரம்பு வலி மருத்துவத்துக்குப் புதிதல்ல. பிரான்சில் நிக்கோலா ஆந்த்ரே 1756லும், லண்டனில் ஜான் ஃபாதர்கில் 1773லும் இதைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு அடி ஒரு நொடிக்கும் குறைவாக இருக்கலாம், அதிகபட்சம் இரண்டு நிமிடம். முகத்தின் ஒரே பக்கம், பெரும்பாலும் நடுக்கிளை அல்லது கீழ்க்கிளை. தொடுதல், மெல்லுதல், பல் தேய்த்தல், காற்று என்று வலியே இல்லாத சின்னச் செயல்கள் அதைத் தூண்டும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடமும் பெண்களிடமும் அதிகம். பல நோயாளிகளிடம், மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் இந்த நரம்பின் வேரில் துடித்துத் துடித்து உரசுகிறது. உரசிய இடத்தில் நரம்பின் மேலுறை தேய்ந்து, மின்கம்பியின் ரப்பர் உரிந்த மாதிரி ஆகிவிடுகிறது. சிலருக்குக் கட்டியோ மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு நோயோ காரணமாக இருக்கும். இந்த வலிக்கு ஒரு தடவையாவது எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

இந்த நோய்க்கு இன்னொரு குணம் உண்டு, அதுதான் எங்களை ஏமாற்றியது. சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சுவடே இல்லாமல் இருக்கும். அந்த இடைவெளிக்குச் சற்று முன்னால் என்ன வைத்தியம் செய்திருந்தோமோ அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். பல் பிடுங்கியதாகட்டும், பற்று போட்டதாகட்டும், பரிகாரம் செய்ததாகட்டும். அத்தையின் ஆறு வார நிம்மதி பல்லால் வந்தது இல்லை. ஆனால் அந்த ஆறு வாரம்தான் இரண்டாவது பல்லையும் காவு வாங்கியது.

பல் டாக்டர்களை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. இந்த வலியை முதலில் அடையாளம் கண்டு நரம்பியலுக்கு அனுப்பும் பல் மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நோயாளியே "எப்படியாவது பிடுங்கிவிடுங்கள்" என்று கெஞ்சுவதும் நடக்கிறது. அத்தை கெஞ்சினார். நிஜமான பல்வலிக்கு வேறு முகம் இருக்கும். சூடோ குளிர்ச்சியோ பட்டால் கூசி, அந்த வலி சில நிமிடம் நின்று வலிக்கும். ராத்திரி எழுப்பும். தட்டினால் குறிப்பிட்ட ஒரு பல் காட்டிக்கொடுக்கும். எக்ஸ்ரேயிலும் தட்டுதலிலும் எந்தப் பல்லும் சிக்காதபோது, அடுத்த பல்லுக்குப் போவதற்கு முன் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

மருந்து கார்பமாசெபைன். வலிப்பு நோய்க்கு வந்த மருந்து. ஸ்வீடனைச் சேர்ந்த ப்ளோம் என்ற மருத்துவர் 1962இல் முக நரம்பு வலிக்கு இது கேட்கிறது என்று எழுதினார். இன்றைக்கும் இதுதான் முதல் மருந்து. சாதாரண வலி மாத்திரை இந்த வலிக்கு அநேகமாகக் கேட்காது. கார்பமாசெபைன் பெரும்பாலோருக்குச் சில நாளிலேயே கேட்கிறது. குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். தூக்கக் கலக்கம், தள்ளாட்டம் வரும். வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம். ஒரு ஆபத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த மருந்தால் தோல் வெந்ததுபோல் உரியும் கடுமையான ஒவ்வாமை வரக்கூடும். அந்த மரபணு ஆசியர்களிடம்தான் அதிகம் என்பதால், முதலிலேயே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல் எச்சரித்தது. தொடங்கிய முதல் சில மாதங்களில் உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். "மருந்து சூடு" என்று இளநீர் குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

மருந்து கேட்காதவர்களுக்கும் தாங்காதவர்களுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. காதுக்குப் பின்னால் சிறிதாகத் திறந்து, உரசும் ரத்தக்குழாயை விலக்கி, நடுவே ஒரு துண்டு டெஃப்லான் வைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் பீட்டர் ஜனெட்டா 1960களில் நிலைநாட்டிய முறை. அவருடைய குழு ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியிட்ட கணக்கில், பத்து ஆண்டுக்குப் பிறகும் 70 சதவீதம் பேர் மருந்தே இல்லாமல் நன்றாக இருந்தார்கள். மயக்க மருந்தைத் தாங்க முடியாத முதியவர்களுக்கு ஊசிவழிச் சிகிச்சையும் காமா நைஃப் கதிர்வீச்சும் இருக்கின்றன. அவற்றில் கன்னம் மரத்துப்போக வாய்ப்பு அதிகம்.

அடுத்து சைனஸ். நம் ஊரில் "எனக்கு சைனஸ்" என்று சொல்லாத குடும்பம் குறைவு. கண்ணுக்குக் கீழே கனம், மூக்கடைப்பு, கண்ணில் நீர், மழைக்காலத்தில் அதிகம், தலைக்குக் குளித்தால் வரும். "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்று ஆவி பிடிப்போம், சுக்குப் பற்று போடுவோம். ஆனால் அமெரிக்காவில், தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று தாங்களாகவே சொன்ன, அல்லது டாக்டர் அப்படிச் சொன்ன 2,991 பேரை முறைப்படி விசாரித்துப் பார்த்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மூக்கடைப்பும் கண்ணீரும் பொய்யில்லை. மைக்ரேனில் ட்ரைஜெமினல் நரம்பு கிளர்ச்சி அடையும்போது, மூளைத்தண்டு வழியாக மூக்குக்கும் கண்ணுக்கும் போகும் நரம்புகளும் சேர்ந்து கிளம்புகின்றன. வலியின் விளைவாகத்தான் மூக்கு ஒழுகுகிறது. நாம் மூக்கு ஒழுகுவதால் வலி என்று தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம்.

நிஜமான சைனஸ் தொற்றில் சளி கெட்டியாக மஞ்சளாகவோ பச்சையாகவோ வரும், வாசனை தெரியாது, காய்ச்சல் இருக்கலாம், சரியானதும் தலைவலியும் போய்விடும். மாதத்துக்கு நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒருநாள் இருந்து, வாந்தி எடுத்ததும் லேசாகி, தூங்கி எழுந்தால் போய்விடுகிற சைனஸ் கிடையாது. அது மைக்ரேன். ஒற்றைத் தலைவலி என்ற பெயரும் ஒருவகையில் தொந்தரவுதான். இரண்டு பக்கமும் வலிக்கிறதே, அப்படியானால் எனக்கு அது இல்லை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் வலிக்கலாம். நான்கு மணி நேரத்திலிருந்து மூன்று நாள்வரை நீடிப்பது, நடந்தால் படியேறினால் கூடுவது, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போவது ஆகியவைதான் முக்கிய அடையாளங்கள்.

தலைக்குக் குளித்தால் தலைவலி என்பதை நம் பாட்டிகள் சொன்னபோது யாரும் ஆராயவில்லை. மும்பையின் தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர், கூந்தலை அலசினால் மைக்ரேன் வருகிற 94 இந்திய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழில் எழுதி அதற்கு ஒரு இடம் வாங்கிக்கொடுத்தார். நீளமான முடி, ஈரம் காயாமல் இருப்பது என்று நம் பெண்களின் அன்றாடம் அங்கே பதிவாகியிருக்கிறது. இந்தியாவில் மைக்ரேன் எவ்வளவு பரவலானது என்பதற்கும் பெங்களூரில் இருந்து ஒரு கணக்கு உண்டு. நகரத்திலும் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் 2,329 பேரிடம் கேட்டு 2015இல் வெளியிட்டார்கள். நான்கில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்திருந்தது.

சரி, இவ்வளவு பேருக்கு இருந்தும் ஏன் சிலருக்கு மட்டும் தினமும் வலிக்கிற நிலைக்கு முற்றிவிடுகிறது? சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில், மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தலைவலித்தால் நாள்பட்டது. அங்கே கொண்டுபோய்விடும் காரணங்களில் தூக்கக் கேடு, உடல் பருமன், மனச்சுமை எல்லாம் உண்டு. ஆனால் நான் விரல் நீட்டுவது வலி மாத்திரையைத்தான், ஏனென்றால் அது என் கதை.

எனக்கு மைக்ரேன். பத்து வருடம் "பித்தத் தலைவலி" என்ற பெயரில் இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமாலும் காஃபினும் கலந்த மாத்திரையைச் சில்லறைக்குப் பதிலாகக்கூடக் கொடுப்பார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பட்டை இருக்கும். டாக்டர் மாதத்துக்கு எத்தனை போடுகிறீர்கள் என்று கேட்டபோது நான்கைந்து என்றேன், மனமறிந்து பொய் சொல்லவில்லை. எதற்கும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில், தேதிக் கட்டத்தின் மேல்மூலையில் வலித்த நாளுக்கு ஒரு கோடு, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி. மாதக் கடைசியில் எண்ணினால் 19 கோடு, 17 புள்ளி.

கலவை மாத்திரை, ட்ரிப்டான் என்ற மைக்ரேன் மாத்திரை, ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மருந்து என்றால் மாதத்தில் 10 நாள், வெறும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்றவை என்றால் 15 நாள். இந்த எல்லையைத் தொட்டு மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியை வளர்க்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மைக்ரேன் உள்ளவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. மாத்திரையின் வேகம் இறங்கும்போது மூளை மறுபடி வலியைக் கிளப்புகிறது, அதற்கு இன்னொரு மாத்திரை. நிறுத்தினால் முதல் பத்து நாள்வரை வலி கூடத்தான் செய்யும். எனக்கு ஆறு நாள் கூடியது. அந்த ஆறு நாளைப் பற்றி முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் இரண்டாம் நாளே கடைக்குப் போயிருப்பேன். சாதாரண வலி மாத்திரையைச் சட்டென்று நிறுத்தலாம், ஓபியாய்டு, தூக்க மாத்திரை கலந்தவற்றை டாக்டர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும்.

கூடவே தடுப்பு மருந்து தருவார்கள். ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட், ஃப்ளூனரிசின் இவற்றில் எது என்பது ஆளைப் பொறுத்தது. ஆஸ்துமா இருந்தால் ப்ரோப்ரனலால் கூடாது. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட் என்ற இன்னொரு தடுப்பு மருந்தைத் தவிர்க்க வேண்டும், கருவைப் பாதிக்கும். இந்த மருந்துகள் வேலை செய்கின்றனவா என்று சொல்ல இரண்டு மூன்று மாதம் ஆகும். நம் ஆட்கள் இரண்டு வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அமிட்ரிப்டிலின் விஷயத்தில் இன்னொரு இடைஞ்சல். யாராவது போனில் தேடி "இது மனச்சோர்வு மாத்திரை, டாக்டர் உன்னை மனநோயாளி என்று நினைக்கிறார்" என்று சொல்லிவிடுவார்கள். வலி நரம்புகளை அமைதிப்படுத்தப் பத்து, இருபத்தைந்து மில்லிகிராம் என்ற சின்ன அளவில் அது வேறு வேலை செய்கிறது. இதை எழுதிக்கொடுக்கும்போதே இரண்டு வாக்கியத்தில் டாக்டர்கள் சொல்லிவிட்டால் எத்தனையோ பேர் தொடர்ந்து சாப்பிடுவார்கள்.

புதிய மருந்துகளும் வந்திருக்கின்றன. மைக்ரேனின்போது ட்ரைஜெமினல் நரம்பு முனைகள் சிஜிஆர்பி என்ற புரதத் துணுக்கை வெளிவிடுகின்றன. அதைத் தடுக்கும் மாதாந்திர ஊசிகளில் முதலாவதான எரெனுமாப் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த வழியைத் திறந்த நான்கு விஞ்ஞானிகள், எட்வின்சன், கோட்ஸ்பி, மாஸ்கோவிட்ஸ், ஓலசன், 2021இல் மூளை ஆராய்ச்சிக்கான பெரிய பரிசைப் பெற்றார்கள். நாள்பட்ட மைக்ரேனுக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் போடும் போடாக்ஸ் ஊசியும் உண்டு. விலைதான் இவற்றுக்கெல்லாம் பெரிய தடை.

க்ளஸ்டர் தலைவலியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஆண்களிடம் அதிகம். ஒரு கண்ணைச் சுற்றி, தாங்க முடியாத வலி, 15 நிமிடத்திலிருந்து மூன்று மணி நேரம், தினமும் அதே நேரத்தில், பெரும்பாலும் நடுராத்திரியில். மைக்ரேன்காரர் இருட்டில் அசையாமல் படுப்பார், இவர் உட்கார முடியாமல் உலாத்துவார், சுவரில் தலையை முட்டிக்கொள்வார். இதற்கு முகமூடி வழியாக முழு வேகத்தில் ஆக்ஸிஜன் கொடுத்தால் பலருக்குக் கால் மணி நேரத்தில் அடங்குகிறது. பெயர் தெரியாததால் வருடக்கணக்கில் சைனஸ் மருந்து சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

தாடை மூட்டு வலி பெரும்பாலும் எளிதில் அடங்கும். பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கும் பழக்கத்தை விடுவது, வெந்நீர் ஒத்தடம், மென்மையான உணவு, தேவைப்பட்டால் ராத்திரியில் பல்லுறை. பற்களை ராவிக் கடியைத் திருத்தலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள், ராவிய பல் திரும்ப வளராது. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் முகத்தில் தினமும் மணிக்கணக்கில் மந்தமாக வலிக்கிற ஒரு வகையும் உண்டு. அது கற்பனை கிடையாது. அதற்கு மருந்து உண்டு, கத்தி கூடாது.

எப்போது ஸ்கேன்? வழக்கமான மைக்ரேனுக்கு ஸ்கேன் எதையும் காட்டாது, "எல்லாம் நார்மல்" என்ற தாளோடு வலி தொடரும். ஆனால் சில தலைவலிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. இடி விழுந்த மாதிரி ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போனது, காய்ச்சலோடு கழுத்து விறைத்தது, கை கால் மரத்தது, பேச்சு குழறியது, பார்வை மங்கியது, படுத்தால் அல்லது இருமினால் கூடுவது, புற்றுநோயோ எச்ஐவியோ உள்ளவர்களுக்குப் புதிதாக வந்தது. பிரசவமான பெண்ணுக்கு நாளுக்கு நாள் கூடும் தலைவலி என்றால் பத்தியத்தையும் தூக்கமின்மையையும் காரணம் சொல்லி வீட்டில் வைத்திருக்காதீர்கள், மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்து, தலை வாரினால் பொட்டு நோகிறது, மென்றால் தாடை களைக்கிறது என்றால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். ஸ்டீராய்டு தாமதமானால் கண் போய்விடும்.

என் காலண்டரில் இப்போது மாதத்துக்கு நான்கு கோடு, மூன்று புள்ளி. அத்தைக்கு எம்ஆர்ஐயில் ரத்தக்குழாய் உரசுவது தெரிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம், மாத்திரையே போதும் என்று இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோடியம் பார்க்கிறார். பர்ஸில், பஸ் டிக்கெட்டுகளுக்கு நடுவே, நோயின் பெயரும் மாத்திரையின் பெயரும் தமிழில் எழுதிய ஒரு சீட்டு மடித்து வைத்திருக்கிறார். பல் சுத்தம் செய்யப் போனாலும் நாற்காலியில் சாய்வதற்கு முன்னால் அதைத்தான் எடுத்து நீட்டுவார்.